அடுத்தவன் பாட்டைப் பாடினால் என்ன?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு அம்மன் கோயில் விழாக் கமிட்டிக் கூட்டம் நடந்தது. பொங்கல் வைப்பு, முளைப்பாரி, அன்னதானம் என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்து, கடைசியில் இரண்டாம் நாள் இரவு நிகழ்ச்சிக்கு வந்தோம். வழக்கமாக மெல்லிசைக் கச்சேரி. இந்த வருடம் அது வேண்டாம், பெரிய எல்.இ.டி. திரையோடு டி.ஜே. வைத்துக்கொள்ளலாம் என்று இளவட்டங்கள் சொன்னார்கள். ஏன் என்று கேட்டேன். எதிர் வீட்டுப் பையன், நான் தூக்கி வளர்த்த பிள்ளை, மரியாதையாகத்தான் பதில் சொன்னான்.

"இல்ல பெரியப்பா, அவங்க என்ன சொந்தப் பாட்டா பாடுறாங்க? அடுத்தவன் பாட்டைத்தானே பாடுறாங்க. அதுக்கு ஒரிஜினலையே போட்டுரலாம்ல. செலவும் கம்மி."

எல்லோரும் சிரித்தார்கள். பையன்கள் சிரித்தது பெரிதில்லை. என் வயதுக்காரர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததுதான் பொறுக்கவில்லை. அதே கச்சேரிகளுக்கு முன்வரிசையில் துண்டு விரித்து இடம் பிடித்தவர்கள் அவர்கள். அந்த நேரத்தில் எனக்குப் பதில் வாய்க்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கமும் வரவில்லை. அங்கே சொல்லத் தவறியதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு வாக்குமூலம். நானும் அடுத்தவன் பாட்டு வாசித்தவன்தான். 1972 முதல் 1979 வரை, வேலைக்குப் போய்க்கொண்டே, ஒரு சின்ன மெல்லிசைக் குழுவில் பாங்கோஸ் வாசித்தேன். ஏழு பேர். ஆர்மோனியம், அக்கார்டியன், கிடார், தபேலா, பாங்கோஸ், பாடுவதற்கு இருவர். அந்த இருவரில் ஒருவர் பெண் குரலிலும் பாடுவார். சோழவந்தான், வாடிப்பட்டி, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் நாங்கள் போகாத திருவிழா குறைவு. ஆளுக்குப் பதினைந்து ரூபாயும் ராத்திரிச் சாப்பாடும் கிடைக்கும். விடியற்காலை பால் வண்டியில் ஏறி ஊர் திரும்பி, குளித்துவிட்டு ஆபீஸ் போவோம். ஆகவே நான் நடுநிலைக்காரன் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

அடுத்தவன் பாட்டைப் பாடுகிறவன் கலைஞன் இல்லை என்றால், இந்த மண்ணின் பெரிய பெயர்களை நாம் என்ன செய்வது?

பண்ணைப்புரம் இன்று தேனி மாவட்டம். எங்கள் காலத்தில் மதுரை மாவட்டம். அங்கே பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடினார். என்ன பாடினார்? அன்றைக்கு ஜனங்கள் வாயில் முணுமுணுத்துக்கொண்டிருந்த சினிமாப் பாட்டு மெட்டுகளை எடுத்து, அதில் கட்சிக் கருத்தை வைத்துப் பாடினார். அவர் கூடவே தம்பிகள் வாசித்தார்கள். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தல் வந்தபோது, தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்களிடம் ரோசம்மா புன்னூஸுக்காக ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள். அவர் ஜெயித்தார். அந்தக் குழுவில் இருந்த ஒரு தம்பிதான் இளையராஜா.

அதன் பிறகும் அவர் உடனே சொந்தமாக மெட்டுப் போட்டுவிடவில்லை. 1968-இல் சென்னைக்குப் போனார். தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கேட்டார். எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் மெல்லிசைக் குழுவில் சகோதரர்களோடு சேர்ந்து வாசித்தார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 'அன்னக்கிளி' வந்தது 1976-இல். தேவிகுளம் மேடையிலிருந்து எண்ணினால் பதினெட்டு வருடம். அந்தப் பதினெட்டு வருடமும் பெரும்பாலும் அடுத்தவர் பாட்டு, அடுத்தவர் மெட்டு, அடுத்தவருக்காக வாசித்தது. அவற்றை வீண் என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

இன்னொருவர் மதுரைக்குள்ளேயே பிறந்தவர், டி.எம். சௌந்தரராஜன். அவருடைய இளமைக் காலம் எம்.கே. தியாகராஜ பாகவதரின் காலம். 1937-இல் மதுரை ராயல் டாக்கீஸார் எடுத்த 'சிந்தாமணி' ஓடிய ஓட்டத்தை நம் அப்பாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வந்த லாபத்தில் சிந்தாமணி தியேட்டரையே கட்டினார்கள். தெருவில் நடப்பவனெல்லாம் பாகவதராகப் பாடிய நாட்கள் அவை. டி.எம்.எஸ்.ஸும் அப்படித்தான் பாகவதர் பாட்டுகளைப் பாடிப் பாடி வளர்ந்தார். 1950-இல் வெளிவந்த 'கிருஷ்ண விஜயம்' படத்தில் அவர் முதலில் பாடியதைக் கேட்டால் பாகவதர் சாயல் அப்பட்டமாகத் தெரியும். பிறகு அதே மனிதர் எம்.ஜி.ஆருக்கு ஒரு குரல், சிவாஜிக்கு ஒரு குரல் என்று பிரித்துக் கொடுத்தார். இன்னொருவர் குரலுக்குள் புகுந்து பார்த்த பழக்கம் இருந்ததால்தான் அது அவருக்குக் கைவந்தது என்று நான் நினைக்கிறேன்.

இது நம் ஊர் வறுமையால் வந்த பழக்கம் என்றும் நினைக்க வேண்டாம். நம் பேரப்பிள்ளைகள் சட்டையில் படம் போட்டுக்கொண்டு திரிகிறார்களே பீட்டில்ஸ், அவர்களும் இப்படித்தான் வந்தார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து மதுக்கூடங்களில் ராத்திரி முழுக்க மணிக்கணக்காக வாசிக்க வேண்டும். அத்தனை நேரத்தை நிரப்பச் சொந்தப் பாட்டுக்கு எங்கே போவது? அமெரிக்கப் பாட்டுகளை, அதிலும் கறுப்பினப் பாடகர்களின் பாட்டுகளை எடுத்து வாசித்தார்கள். 1963-இல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டில் 14 பாட்டு. அதில் 6 அடுத்தவர்களுடையது. அதே வருடம் வந்த இரண்டாவது தட்டில், டெட்ராய்ட் நகரத்து மோடவுன் கம்பெனிப் பாட்டுகள் மூன்றைப் பாடியிருக்கிறார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் 1964-இல் போட்ட முதல் தட்டில் பெரும்பாலான பாட்டுகள் பிறர் பாட்டுகள்தான். 'சோல்' என்று சொல்லப்படும் அந்த உருக்கமான பாட்டுகளைப் பாடிப் பழகித்தான் இந்த வெள்ளைக்காரப் பையன்கள் பாட்டு என்றால் என்னவென்று தெரிந்துகொண்டார்கள். லிவர்பூல் பையன் செய்தால் பயிற்சி, பண்ணைப்புரத்துப் பையன் செய்தால் காப்பியா?

சரி, அதில் அப்படி என்னதான் கற்றுக்கொள்ள முடியும்? இதை வாசித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எங்களிடம் டேப் ரிக்கார்டர் கிடையாது. புதுப் பாட்டு ஒன்று வந்தால் இலங்கை வானொலிதான் கதி. எந்த நேரத்தில் எந்தப் பாட்டு வரும் என்று டீக்கடை வாசலில் காத்திருப்போம். பாட்டு ஓடும் மூன்று சொச்ச நிமிடத்தில் ஆளுக்கு ஒரு வேலை. பாடுகிறவர் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து வரிகளைச் சரிபார்ப்பார். அக்கார்டியன்காரர் இடையிசையை மட்டும் பிடிப்பார். நான் தாளம் எங்கே மாறுகிறது என்று தொடையில் தட்டிக்கொண்டிருப்பேன். அப்படியும் பிடிபடாவிட்டால் தங்கத்திலோ சென்ட்ரலிலோ படம் ஓடும்போது டிக்கெட் வாங்கிப் போய் உட்காருவோம். ஒரு பாட்டின் இரண்டாவது இடையிசைக்காக ஒரே படத்தை நான்கு தடவை பார்த்திருக்கிறேன். கதாநாயகி முகம் இன்றைக்கு ஞாபகம் இல்லை. அந்த இடையிசை இப்போதும் விரலில் இருக்கிறது.

கேட்டுப் பிடித்தாயிற்று. அதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை. சென்னை ஸ்டுடியோவில் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்து வாசித்ததை நாங்கள் ஏழு பேர் வாசிக்க வேண்டும். இருபது வயலின் இழைத்ததை ஒரு அக்கார்டியன் எப்படிச் சொல்லும்? எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? புல்லாங்குழல் வரும் இடத்தைச் சீட்டியடித்து நிரப்பலாமா? பாடுகிறவருக்கு டி.எம்.எஸ். சுருதி எட்டாது. அரைக்கட்டை இறக்கினால் கிடார்காரர் தன் வாசிப்பை முழுக்க மாற்ற வேண்டும். தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு மாடி அறையில் இதற்காக நாங்கள் போட்ட சண்டைக்குக் கணக்கில்லை. சண்டை முடியும்போது விஸ்வநாதன் அந்த இடத்தில் ஏன் அப்படிப் போட்டார் என்பது எங்களுக்குப் புரிந்திருக்கும். ஒரு வீட்டைப் பிரித்து மறுபடி கட்டியவனுக்குத்தான் அதில் எந்தத் தூண் பாரம் தாங்குகிறது என்று தெரியும். வெளியே நின்று பார்க்கிறவனுக்குத் தெரியாது.

அதற்கு மேல் பரீட்சை எழுத மேடை. பரீட்சைத் தாள் திருத்துகிறவர்கள் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் நடந்தது இது. எங்கள் அறிவிப்பாளர் ஒரு பாட்டுக்கு "மெல்லிசை மன்னர்கள் இசையில்" என்று சொல்லிவிட்டார். கூட்டத்தின் நடுவிலிருந்து தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் எழுந்தார். "தம்பி, ரெண்டு பேரும் பிரிஞ்சப்புறம் வந்த படம்ல அது. மன்னர்னு சொல்லு, மன்னர்கள்னு சொல்லாத." விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965-இல் பிரிந்தார்கள். களத்துமேட்டில் நெல் தூற்றுகிற கை அது. அந்தக் கை எங்களைத் திருத்தியது. சரணத்தில் ஒரு வரி விட்டால் சத்தம் வரும். நன்றாகப் பாடினால் ஒன்ஸ்மோர் வரும், சீட்டில் பாட்டின் பெயரை எழுதி ஐந்து ரூபாய் நோட்டோடு மேடைக்கு அனுப்புவார்கள். ஒரிஜினலைப் போட்டுவிட்டால் யாரை யார் திருத்துவது? ஸ்பீக்கர் தப்புச் செய்யாது. தப்புச் செய்யாத இடத்தில் யாரும் எதையும் கற்றுக்கொள்வதும் இல்லை.

அந்த அறிவிப்பைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. "அடுத்து நீங்கள் கேட்கவிருப்பது" என்று ஆரம்பித்து, படத்தின் பெயர், எழுதிய கவிஞர், இசையமைத்தவர், முதலில் பாடியவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் பாட்டைத் தொடங்குவோம். அது எங்களுக்குச் சட்டம் மாதிரி. இன்னொருவர் பாட்டைப் பாடுவதற்கும் திருடுவதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். பெயரைச் சொன்னால் மரியாதை, மறைத்தால் திருட்டு. பழைய நாட்களில் புதுமண்டபத்துக் கடைகளில் விற்ற சின்னப் பாட்டுப் புத்தகங்களில்கூட, ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இது இன்ன பாட்டின் மெட்டு என்று அச்சடித்திருப்பார்கள். மூலத்தைச் சொல்ல யாரும் கூச்சப்படவில்லை. போன வருடம் பக்கத்துத் தெருவில் டி.ஜே. கேட்டேன். மூன்று மணி நேரம். ஒரு கவிஞர் பெயர் வரவில்லை, ஒரு இசையமைப்பாளர் பெயர் வரவில்லை. டி.ஜே.யின் பெயர் மட்டும் திரையில் இருபது முறை வந்தது.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக வருகிறேன்.

பாட்டுக்கு உரிமையாளர் இருக்கிறாரே என்பார்கள். 2017-இல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி.க்கே வக்கீல் நோட்டீஸ் போனதைச் சுட்டிக்காட்டுவார்கள். டிக்கெட் விற்று வெளிநாட்டில் நடத்தும் கச்சேரியில் இசையமைத்தவர் பங்கு கேட்பது நியாயம் என்பதே என் கட்சி. அந்தப் பங்கைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் முறையாக நடக்கும் மதச் சடங்குக்கும் கல்யாண வைபவத்துக்கும் பதிப்புரிமைச் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. காசு வாங்காமல் ஊராருக்கு வாசிக்கும் அமெச்சூர் குழுக்களுக்கும் அதில் இடம் உண்டு. தவிர, ஒரிஜினலை ஸ்பீக்கரில் போட்டுவிட்டால் மட்டும் உரிமைக் கேள்வி மறைந்துவிடுமா?

நீங்கள் வந்தபோது பழசையெல்லாம் ஒழித்தீர்களே என்று கேட்டால், அந்தக் குற்றச்சாட்டில் பாதி உண்மை. விடிய விடிய நடந்த வள்ளி திருமணம் நாடகத்தின் இடத்தை நாங்கள் கொஞ்சம் பிடித்துக்கொண்டோம். கரகாட்டக்காரர்கள் எங்களைப் பார்த்து முகம் சுளித்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கு இப்போது வருத்தப்படுகிறேன். ஆனாலும் ஒரு கையின் இடத்தில் இன்னொரு கை வந்தது. நாடகத்து ஆர்மோனியக்காரர்கள் சிலர் மெல்லிசைக் குழுக்களில் வந்து உட்கார்ந்தார்கள். இன்றைக்கு வந்திருப்பதில் உட்காரக் கைக்கு இடமே இல்லை.

செலவு? பதினைந்து பேர் குழுவுக்கு வண்டி, சாப்பாடு, சம்பளம் எல்லாம் கூடுதல்தான். ஆனால் எல்.இ.டி. திரையும் லேசர் விளக்கும் இடி மாதிரி பாக்ஸும் இனாமாக வருகிறதா? கமிட்டியில் யாரும் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதிக்கு அப்புறம் கச்சேரி மொத்தமே மூன்று மணி நேரம்தான். அதற்குப் பதினைந்து பேர் தேவையும் இல்லை. எட்டுப் பேர் போதும்.

உங்கள் குழுவிலிருந்து எத்தனை பேர் இளையராஜா ஆனார்கள் என்று கேட்பார்கள். ஒருவரும் இல்லை. எங்கள் கிடார்காரர் பாங்க்கில் கேஷியராகி ரிட்டயர் ஆனார். அக்கார்டியன்காரர் தன் சர்ச்சில் முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பெண் குரலில் பாடியவர் இப்போது இல்லை. சாவதற்கு முந்தின மாதம்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் எனக்காக ஒரு பல்லவி பாடினார், அரைக்கட்டை இறக்கி. பள்ளிக்கூடம் போன எல்லோருமா கலெக்டர் ஆகிறார்கள்? அதற்காகப் பள்ளிக்கூடத்தை இழுத்து மூடுவோமா?

என் கோபம் டி.ஜே. மேல் மட்டும் இல்லை. இன்றைய மெல்லிசைக் குழுக்கள் சிலவற்றின் மேலும் உண்டு. இரண்டு பாடகர்கள், ஒரு லேப்டாப், அதில் 'டிராக்'. பாட்டின் இசை முழுக்கப் பதிவு செய்யப்பட்டது ஓடும், இவர்கள் மேலே பாடுவார்கள். பின்னால் கிடாரைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். அந்தக் கிடாருக்கு வயர் எங்கே போகிறது என்று பார்த்தேன். எங்கேயும் போகவில்லை. இதைத்தான் கச்சேரி என்று காட்டினால், ஒரிஜினலையே போட்டுவிடலாமே என்று அந்தப் பையன் கேட்டதில் என்ன தப்பு? அவன் உயிருள்ள கச்சேரியையே கேட்டதில்லை. அவனுக்குக் காட்டாமல் விட்டது நாம்தான்.

அதனால் என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவிலும் கமிட்டி இருக்கும், உங்களிடமும் வரி வாங்க வருவார்கள். பணம் கொடுக்கும்போது நிபந்தனையோடு கொடுங்கள். கச்சேரி வைத்தால் வாசிக்கிற ஆள் மேடையில் இருக்க வேண்டும், டிராக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். இளவட்டங்களின் ஆசைக்கு டி.ஜே.யும் ஒரு மணி நேரம் ஓடட்டும், நான் தடுக்கவில்லை. தெருவில் கீபோர்டு கற்கிற பிள்ளை, தவில் கற்கிற பிள்ளை யாராவது இருந்தால் இரண்டு பாட்டுக்கு மேடை கொடுங்கள். தடுமாறினால் தடுமாறட்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர், இசையமைத்தவர் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். தப்பாகச் சொன்னால் எழுந்து நின்று திருத்துங்கள். அதற்குத்தான் நாம் இருக்கிறோம்.

வரும் ஞாயிறு எங்கள் கமிட்டி மறுபடி கூடுகிறது. என் பங்கு 5,000 ரூபாயை எடுத்து வைத்திருக்கிறேன். எட்டுப் பேர் குழு, இரண்டு மணி நேரம் என்று தீர்மானம் போட்டால் அங்கேயே கொடுத்துவிடுவேன். எதிர் வீட்டுப் பையனை இன்று காலை பார்த்தேன். அவன் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள், கீபோர்டு வகுப்புக்குப் போகிறாள். "அவளுக்கு எந்தப் பாட்டுடா தெரியும்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பழைய ராஜா பாட்டு ரெண்டு வாசிப்பா பெரியப்பா" என்றான். "அது அடுத்தவர் பாட்டாச்சே!" என்றேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு ஓட்டு கூடியிருக்கிறது என்று நினைக்கிறேன்.